சொப்புக்குள் ஒரு பெயர்: நெதர்லாந்து வெள்ளி முத்திரை நிறுவனத்தின் ஐந்நூறு ஆண்டுகள்

வெள்ளித் தொழிலோடு வாழ்வோர் கூடி எடுக்கும் விழாவின் மலர் இது. இதில் நெதர்லாந்து நாட்டு வெள்ளி முத்திரையின் வரலாற்றை எழுத முன்வந்ததற்குக் காரணம் உண்டு. ஒரு தட்டாரின் பெயர் அவர் மறைந்து மூன்று நூற்றாண்டுகளுக்குப் பிறகும் நிலைத்திருக்க என்ன செய்ய வேண்டும் என்பதை அந்த வரலாறு நமக்குத் தெளிவாகக் கற்றுத் தருகிறது.

அதைக் கற்க மிகச் சிறிய பொருளே ஏற்றது. 17, 18ஆம் நூற்றாண்டுகளில் டச்சுத் தட்டார்கள் வெள்ளியில் சொப்புச் சாமான் செய்தார்கள். தேநீர்க் கெண்டி, கணப்பு, மெழுகுத்திரித் தண்டு, நூற்கும் ராட்டை, தொட்டில், பறவைக் கூண்டு, குதிரை வண்டி, காற்றாலை, பாய்மரக் கப்பல் என வீட்டிலும் தெருவிலும் இருந்தவை எல்லாம் விரல் அளவுக்குச் சுருங்கி வந்தன. அவற்றின் அடிப்பகுதியிலோ விளிம்பிலோ எள்ளளவு முத்திரை ஒன்று அடிக்கப்பட்டிருக்கும். அதை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்து, இன்னார் செய்தது, இந்த ஊரில் செய்தது, இன்ன காலத்தது என்று இன்றும் சொல்ல முடிகிறது. முத்திரைக்குப் பின்னால் ஒரு பதிவேடும், அந்தப் பதிவேட்டைக் காத்த அமைப்பும் இருந்ததால்தான் இது முடிகிறது.

கில்டுகளின் காலம்

ஐரோப்பிய நகரங்களில் ஒரே தொழில் செய்தவர்கள் கில்டு என்ற தொழிலவையாக இயங்கினார்கள். நெதர்லாந்தின் பொன், வெள்ளித் தட்டார்கள் தங்கள் அவைக்குக் காவலராகக் கொண்டவர் 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எலிஜியஸ் என்ற புனிதர். அவரும் பொற்கொல்லரே. ஓர் அரியணை செய்ய அரசர் கொடுத்த பொன்னில் இரண்டு அரியணைகள் செய்து கொடுத்தார் என்பது அவரைப் பற்றிய கதை. கொடுத்த பொன்னில் குன்றிமணி எடைகூடக் குறைக்காதவரையே அவர்கள் வணங்கினார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். இந்தத் தொழிலின் முதலீடு நம்பிக்கை என்பதை அவர்கள் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தார்கள்.

அந்த நம்பிக்கைக்குச் சட்ட வடிவம் தந்த ஆண்டு 1502. அப்போது நெதர்லாந்துப் பகுதிகளை ஆண்ட கோமகன் பிலிப் வெள்ளிப் பொருள்களுக்கான முத்திரை ஒழுங்கை ஆணையாக வெளியிட்டார். அந்த ஒழுங்கு வேரூன்றியபின் டச்சு வெள்ளியில் மூன்று அடையாளங்கள் வழக்கமாயின. ஒன்று, பொருளைச் சோதித்த நகரின் முத்திரை. இரண்டு, செய்தவர் முத்திரை. மூன்று, ஆண்டுதோறும் மாறும் ஆண்டெழுத்து. 1663இல் ஹாலந்து மாநிலத்தில் நான்காவதாக ஒன்று சேர்ந்தது. உயர்தர வெள்ளிக்கு மட்டும் உரிய, பின்கால்களில் எழுந்து நிற்கும் முடிசூடிய சிங்கம் அது.

தரக் கணக்கையும் இங்கே சொல்ல வேண்டும். தூய வெள்ளியை 12 பென்னிங் என்று கொண்டார்கள். ஒரு பென்னிங்குக்கு 24 கிரெய்ன். உயர்தர வெள்ளி என்றால் 11 பென்னிங் 5 கிரெய்ன். ஆயிரத்துக்கு 934 பங்கு. இரண்டாம் தரம் 10 பென்னிங். ஆயிரத்துக்கு 833 பங்கு. பின்னாளில் சட்டம் பலமுறை மாறியபோதும் 934, 833 என்ற இந்த இரண்டு எண்களும் 1953 வரை டச்சு வெள்ளியில் நீடித்தன.

இந்த நான்கு முத்திரைகளையும் அழகுக்காகவோ பிற்காலச் சேகரிப்பாளருக்காகவோ அடிக்கவில்லை. ஒவ்வொன்றும் ஒருவரைப் பொறுப்பாக்கியது. வெள்ளியில் கலப்படம் இருந்தால் செய்தவர் யார் என்று அவர் முத்திரை காட்டும். எந்த நகரத்துக் கில்டு அதை அனுமதித்தது என்று ஊர் முத்திரை காட்டும். அந்த ஆண்டு மாற்றுப் பார்த்த வண்ணக்கர் யார் என்று ஆண்டெழுத்து காட்டும். தட்டாரைப் போலவே சோதித்தவரும் பதில் சொல்ல வேண்டும் என்ற ஏற்பாடு அது. இன்று நாம் ஆண்டெழுத்தை வைத்துப் பொருளின் வயதைக் கணிக்கிறோம் என்றால், அன்றைய நேர்மையான நிர்வாகம் நமக்கு விட்டுச் சென்ற கொடை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

ஊர் முத்திரைகள் பெரும்பாலும் அந்தந்த நகரின் சின்னங்கள். முடியின் கீழ் மூன்று பெருக்கல் குறிகள் ஆம்ஸ்டர்டாமுக்கு. நாரை ஹேக் நகருக்கு. குறுக்கிட்ட இரு சாவிகள் லைடனுக்கு. விண்மீன்கள் சூழ்ந்த வாள் ஹார்லெமுக்கு. ஊதுகொம்பு ஹோர்னுக்கு, மூன்று மீன்கள் என்க்ஹௌசனுக்கு. இவற்றை மனத்தில் பதித்துக்கொண்டவருக்குப் பாதி வேலை முடிந்தது.

செப்புத் தகடும் பெயரும்

பல ஆண்டுகள் ஓர் ஆசானிடம் வேலை பழகி, தேர்வுப் பொருள் ஒன்றைச் செய்து காட்டி, கில்டு ஏற்றுக்கொண்ட பிறகே ஒருவர் தனிப் பட்டறை வைக்கலாம். அப்போது அவருக்கென்று ஒரு முத்திரை வகுக்கப்படும். தொடக்க காலத்தில் இம்முத்திரைகள் பெரும்பாலும் உருவங்களாக இருந்தன: விலங்கு, பூ, கருவி, வீட்டின் அடையாளம். காலப்போக்கில் பெயரின் முதலெழுத்துகள் பெருகின. அந்த முத்திரையைக் கில்டிடம் இருந்த செப்புத் தகட்டில் அடித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் அவர் பெயர் பொறிக்கப்படும்.

அந்தத் தகடே இந்த வரலாற்றின் உயிர். பொருளில் உள்ள முத்திரையையும் தகட்டில் உள்ள முத்திரையையும் ஒப்பிட்டுப் பார்த்தால் ஐயத்துக்கு இடமில்லை. அச்சு ஒன்றே, அடித்த கை ஒன்றே. தகடு பிழைத்த நகரங்களில் ஆய்வாளர் வேலை எளிது. தகடு அழிந்த இடங்களில் வரிக் கணக்கு, திருமணப் பதிவு, சொத்துப் பட்டியல், கையெழுத்திட்ட பெரிய பாத்திரங்கள் என்று சுற்றி வளைத்துத்தான் பெயரை எட்ட வேண்டியிருக்கிறது.

கில்டின் நடைமுறை தெரியாமல் முத்திரையைப் படித்தால் தவறிவிடுவோம். தட்டார் இறந்தபின் அவர் மனைவி பட்டறையைத் தொடர்ந்து நடத்த கில்டுகள் இடம் கொடுத்தன. அதனால் கணவர் மறைந்த பின்னும் அந்தப் பட்டறையின் முத்திரை புழக்கத்தில் இருக்கலாம். தந்தையும் மகனும் அண்ணனும் தம்பியும் ஒரே குலப்பெயரோடு ஒரே தெருவில் வேலை செய்திருக்கலாம். முதலெழுத்துகள் ஒன்றாக இருக்கும். எழுத்துகளைச் சூழ்ந்த கட்டத்தின் வடிவமோ, மேலே உள்ள ஒரு புள்ளியோ, சிறு முடியோதான் ஒருவரை மற்றவரிடமிருந்து பிரித்துக் காட்டும்.

கில்டு தன் தொழிலாளரை மதித்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு இன்றும் கண்முன் இருக்கிறது. உட்ரெக்ட் நகரில் பிறந்து ஐரோப்பிய அரசவைகளில் புகழ்பெற்ற வெள்ளிக் கலைஞர் பௌலுஸ் வான் வியானென் 1613இல் காலமானார். அவர் ஆம்ஸ்டர்டாம் கில்டைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் ஆம்ஸ்டர்டாம் தட்டார்கள் அவர் நினைவாக ஒரு வெள்ளிக் கூஜா செய்யச் சொல்லி அவருடைய அண்ணன் ஆதாம் வான் வியானெனிடம் ஒப்படைத்தார்கள். ஆதாம் அதை 1614இல் ஒரே தகட்டிலிருந்து அடித்து எழுப்பினார். அலை உருகி உறைந்தது போன்ற வடிவம் கொண்ட அந்தக் கூஜா இப்போது ஆம்ஸ்டர்டாமின் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. வேற்றூர்க் கலைஞரின் மறைவுக்கு ஒரு தொழிலவை செய்த மரியாதை அது.

சொப்பு செய்த ஆம்ஸ்டர்டாம்

பெரிய வேலை செய்வோர், சிறு வேலை செய்வோர் என்று ஆம்ஸ்டர்டாம் தட்டார்களிடையே பிரிவு இருந்தது. சிறு வேலைக்காரர்களில் சிலர் சொப்பு செய்வதையே முழுநேரத் தொழிலாகக் கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டில் வெஸ்ஸல் யான்சன் அவ்வகையில் பெயர் பெற்றவர். 18ஆம் நூற்றாண்டில் வான் ஸ்ட்ராண்ட் குடும்பத்து ஃப்ரெடெரிக், வில்லெம் ஆகியோரும், அவர்களை அடுத்து ஆர்னோல்டுஸ் வான் கெஃபனும் புகழ்பெற்றார்கள். 1720களின் பிற்பகுதி தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் வேலை செய்த ஆர்னோல்டுஸின் சொப்புகளே இன்று அருங்காட்சியகங்களிலும் ஏலங்களிலும் மிகுதியாகக் கிடைக்கின்றன. அவர் குடும்பத்தின் அடுத்த தலைமுறையும் அந்தத் தொழிலைத் தொடர்ந்தது.

யார் வாங்கினார்கள் என்பதும் வரலாற்றின் பகுதியே. குழந்தைகளுக்குப் பரிசாக வாங்கியவர்கள் இருந்தார்கள். ஆனால் இக்கலையை வளர்த்தவர்களில் முதன்மையானவர்கள் செல்வக் குடும்பத்துப் பெண்கள். அவர்கள் அலமாரி ஒன்றை அறை அறையாகப் பிரித்து, ஒரு முழு வீட்டையே சிறிய அளவில் அமைத்தார்கள். பெட்ரோனெல்லா டுனுவா 1676ஐ ஒட்டி அமைத்த வீடும், பெட்ரோனெல்லா ஓர்ட்மன் 1686க்கும் 1710க்கும் இடையில் அமைத்த வீடும் ரெய்க்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன. பெட்ரோனெல்லா டெ லா கோர்ட் அமைத்தது உட்ரெக்ட் நகரின் மத்திய அருங்காட்சியகத்தில் உள்ளது. 1743இல் சாரா ரோத்தே பழைய பொம்மை வீடுகளை ஏலத்தில் எடுத்து, அவற்றிலிருந்து அமைத்த வீடுகளை ஹேக் நகரிலும் ஹார்லெமிலும் காணலாம். ஓர்ட்மன் வீட்டுக்கு ஆன செலவில் கால்வாய்க் கரையில் உண்மையான வீடு ஒன்றையே வாங்கியிருக்கலாம் என்பார்கள். கண்ணாடி, பீங்கான், பட்டு, ஓவியம், வெள்ளி என ஒவ்வொன்றையும் அந்தந்தத் தொழிலில் தேர்ந்தவரிடமே செய்வித்தார்கள். பெரிய பாத்திரத்துக்குக் காட்டும் கவனத்தை விரல் அளவுப் பாத்திரத்துக்கும் காட்ட வேண்டும் என்று கேட்கத் தெரிந்த வாடிக்கையாளர்கள் அவர்கள்.

செய்முறையும் அதற்கேற்ப இருந்தது. மெல்லிய தகட்டை வெட்டி, வளைத்து, பற்றவைத்து உடல் செய்தார்கள். கைப்பிடி, கால், மனித உருவம் போன்றவற்றை வார்த்துச் சேர்த்தார்கள். பெரிய கெண்டியில் மூடி எப்படிக் கீலில் திறக்குமோ சொப்பிலும் அப்படியே திறக்கும்.

ஆனால் முத்திரை அடிக்கும் இடத்தில் ஒரு சிக்கல் வந்தது. நான்கு முத்திரைகளையும் தாங்கும் பரப்பு சொப்புக்கு இல்லை. மெல்லிய தகட்டில் ஓங்கி அடித்தால் நசுங்கும். அதனால் இடம் இருந்த பொருள்களில் முழு வரிசையும் இருக்கும்; இல்லாதவற்றில் ஊர் முத்திரையோ ஆண்டெழுத்தோ விடுபட்டு, செய்தவர் முத்திரை மட்டும் நிற்பதும் உண்டு. பெரிய வெள்ளிப் பாத்திரத்தில் நான்கில் ஒன்று தேய்ந்துபோனாலும் மற்ற மூன்று கைகொடுக்கும். சொப்பில் செய்தவர் முத்திரையே ஊரையும் காலத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். சொப்புகளை ஆராய்வோர் அந்த ஒரு முத்திரைக்காக இத்தனை பாடுபடுவது இதனால்தான்.

கில்டு போனது, பதிவேடு நின்றது

1795இல் நெதர்லாந்தின் பழைய குடியரசு கவிழ்ந்தது. 1798ஆம் ஆண்டு அரசமைப்புச் சட்டம் கில்டுகளை ஒழித்தது. முந்நூறு ஆண்டு ஒழுங்கு ஒன்று அத்தோடு சிதறிப் போயிருக்கலாம். அது சிதறாமல் அரசின் கைக்கு மாறியதே நெதர்லாந்தின் நற்பேறு.

நெப்போலியனின் தம்பி லூயி அரசராக இருந்தபோது 1807இல் நாடு முழுமைக்கும் பொதுவான முத்திரை ஒழுங்கு வந்தது. 1810இல் நாடு பிரான்சோடு இணைக்கப்பட்டு, 1812 முதல் பிரெஞ்சு முத்திரைகள் நடைமுறைக்கு வந்தன. சாய்சதுரக் கட்டத்துக்குள் முதலெழுத்தும் ஒரு குறியும் சேர்ந்த செய்தவர் முத்திரை பிரெஞ்சு வழக்கத்தின் அடையாளம். பிரெஞ்சு ஆட்சி அகன்றதும் 1814இல் புதிய டச்சுச் சட்டம் வந்தது. அதன் கீழ் அமைந்த முத்திரை அலுவலகமே வார்போர்க். டச்சு வெள்ளியின் காலத்தை வகுக்கும் எல்லைக்கோடு இங்கே இருக்கிறது. 1807க்கு முந்திய வெள்ளியைக் கில்டு முத்திரைகளால் அறிய வேண்டும். 1814க்குப் பிந்தியதை அரசு முத்திரைகளால் அறிய வேண்டும்.

1814 ஒழுங்கில் எழுந்து நிற்கும் சிங்கத்தோடு 1 என்ற எண் இருந்தால் 934 தரம். நடக்கும் சிங்கத்தோடு 2 இருந்தால் 833 தரம். தலைக்கவசம் அணிந்த மினர்வா தேவியின் தலை அரசு அலுவலகத்தைக் குறித்தது. கவசத்தில் உள்ள எழுத்து எந்த ஊர் அலுவலகம் என்று சொன்னது. ஆண்டெழுத்து நகரத்துக்கு நகரம் வேறுபட்ட நிலை மாறி, நாடு முழுமைக்கும் ஒன்றானது.

சொப்புகளுக்கு இந்தச் சட்டம் தனி வழி வகுத்தது. பெரிய முத்திரைகளைத் தாங்காத சிறு பொருளுக்கு ஒரு சிறிய வாள் முத்திரை. குறைந்தது 833 தரம் உண்டு என்பதற்கு அந்த வாள் சான்று. 1814இல் வந்த வாள் 1906இல் வடிவம் மாறியது. 1953இல் உயர்தரம் 925 ஆகவும் இரண்டாம் தரம் 835 ஆகவும் மாறியபின் வாளோடு 835 என்ற எண்ணும் சேர்ந்தது. வாள் முத்திரை உள்ள சொப்பில் பெரும்பாலும் ஆண்டெழுத்து இருக்காது. ஆகவே அதன் காலத்தை அறியும் வழி, பக்கத்தில் உள்ள செய்தவர் முத்திரையைப் பதிவேட்டில் தேடி, அந்தப் பட்டறை எந்த ஆண்டு முதல் எந்த ஆண்டு வரை பதிவில் இருந்தது என்று பார்ப்பதே.

1852ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டி 1853இல் மற்றொரு முத்திரை வந்தது: சிறு கோடரி. பழைய டச்சுப் பொருள்கள் மறுபடி விற்பனைக்கு வரும்போது அவற்றில் இதை அடித்தார்கள். 1927 வரை இது வழக்கில் இருந்தது. வெளிநாட்டிலிருந்து வந்தவற்றுக்கு முடிசூடிய ‘வி’ எழுத்து அடிக்கப்பட்டது. வாளும் கோடரியும் அடுத்தடுத்துத் தெரியும்போது புதியவர்கள் குழம்புவார்கள். வாள் அந்தக் காலத்தில் புதிதாகச் செய்ததைக் குறிக்கும். கோடரி அன்றைக்கே பழையதாக இருந்ததைக் குறிக்கும். 18ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் முத்திரையும் கோடரியும் ஒரே சொப்பில் இருந்தால், அந்தப் பொருள் இரு நூற்றாண்டுகளில் இரு அலுவலர் கைகளைக் கடந்து வந்திருக்கிறது என்று பொருள்.

போலிகளின் காலம்

19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பழைய பாணி வெள்ளிக்கு ஐரோப்பா முழுவதும் மோகம் எழுந்தது. லெக் ஆற்றங்கரையில் உள்ள ஸ்கோன்ஹோவன் சிற்றூர் வெள்ளி நகரம் என்றே பெயர் பெற்றது. அங்குள்ள பட்டறைகள் சொப்புகளை ஏராளமாகச் செய்தன. அவற்றில் வாளும் பதிவு பெற்ற செய்தவர் முத்திரையும் இருப்பவை நேர்மையான பொருள்கள். தம் காலத்தை மறைக்காத அவற்றுக்கும் சேகரிப்பில் உரிய இடம் உண்டு.

சிக்கல் வேறிடத்தில் இருந்தது. ஜெர்மனியின் ஹானாவ் நகரத்துப் பட்டறைகள் பழைய முத்திரைகளைப் போலத் தோன்றும் கற்பனை முத்திரைகளை அடித்து விற்றன. 1890இல் தொடங்கிய நேரஸ்ஹைமர் நிறுவனம் அவற்றில் பெயர்பெற்றது. டச்சு வெள்ளியிலும் பழைய ஊர் முத்திரையை ஒத்த போலிகள் தோன்றின. இப்பொருள்கள் இங்கிலாந்துக்குப் போனபோது இன்னொரு அடுக்கு சேர்ந்தது. வெளிநாட்டு வெள்ளியை விற்கும் முன் அங்கே சோதித்து முத்திரை அடிக்க வேண்டும் என்று 1842ஆம் ஆண்டுச் சட்டம் கூறியது. 1867 முதல் அத்தகைய பொருளில் ‘எஃப்’ எழுத்தும், 1904 முதல் தனி இறக்குமதி முத்திரைகளும் அடிக்கப்பட்டன. அதனோடு உள்ள முதலெழுத்துகள் இறக்குமதி செய்த வணிகருடையவை. அவற்றைத் தட்டார் பெயராகப் படித்து ஏமாந்தவர்கள் பலர்.

பெயர்களை மீட்டவர்கள்

இந்தக் குழப்பத்தை விலக்கியவர்களில் முதலில் நன்றியோடு நினைக்க வேண்டியவர் எலியாஸ் வூட். ஆம்ஸ்டர்டாம் தட்டார்களின் முத்திரைகளைத் தொகுத்து 1912இல் நூலாக்கினார். 1928இல் ஹார்லெம், 1932இல் ஃப்ரீஸ்லாந்து, 1941இல் ஹேக் என்று அவர் தொகுப்புகள் வெளிவந்தன. ஊர் ஊராகச் சென்று, முத்திரையை வரைந்து, ஆவணத்தோடு ஒப்பிட்டு, பெயரை எழுதிய வேலை அது. அவருக்குப் பின் கே. ஏ. சிட்ரோன் 1975இல் ஆம்ஸ்டர்டாம் தட்டார்களையும் அவர்களின் முத்திரைகளையும் பற்றிய பெருந்தொகுப்பை வெளியிட்டார். நெதர்லாந்தின் போலி வெள்ளி முத்திரைகளைப் பற்றி 1977இல் தனி நூல் எழுதினார். 1812க்கு முந்திய டச்சு முத்திரைகள் அனைத்தையும் அவர் திரட்டிய நூல் 1993இல் வந்தது. உண்மையான முத்திரைகளைத் தொகுத்தவரே போலிகளையும் தொகுத்தார் என்பது குறிப்பிடத்தக்கது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் கண் பழகும்.

1797 முதல் பதிவான முத்திரைகளை முத்திரை நிறுவனமே தன் ஏடுகளிலிருந்து எடுத்து நூலாக வெளியிட்டது. ஓர் அலுவலகம் தன் ஆவண அறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டதற்கு ஒப்பானது அந்த வெளியீடு.

முத்திரையைப் படிக்கும் முறை

அனுபவமுள்ளோர் ஓர் ஒழுங்கைக் கடைப்பிடிக்கிறார்கள். முதலில் பொருளைத் துலக்கக் கூடாது. முத்திரையின் பள்ளத்தில் படிந்த கருமைதான் எழுத்தின் விளிம்பைக் காட்டுகிறது. துலக்கத் துலக்க முத்திரை தேயும். பத்து மடங்கு உருப்பெருக்கியும், பக்கவாட்டிலிருந்து சாய்வாக விழும் வெளிச்சமும் போதும். பொருளைச் சிறிது சிறிதாகத் திருப்பினால் நேர் வெளிச்சத்தில் மறைந்திருந்த கோடு எழுந்து வரும்.

அடுத்து, பார்க்கும் வரிசை. முத்திரை அரசுடையதா, நகரத்துடையதா, தட்டாருடையதா என்று முதலில் பிரிக்க வேண்டும். வாளோ கோடரியோ சிங்கமோ இருந்தால் எந்தச் சட்டத்தின் காலம் என்பது தெரிந்துவிடும். ஊர் முத்திரை இருந்தால் எந்த ஊரின் ஏட்டைத் திறக்க வேண்டும் என்பது தெரியும். அதன் பிறகே முதலெழுத்துகளுக்கு வர வேண்டும். எழுத்தை முதலில் படித்து, அதற்குப் பொருந்தும் பெயரைத் தேடப் போனால், விரும்பிய பெயரே கண்ணுக்குத் தெரியும். எழுத்தைவிடக் கட்டத்தின் வடிவத்துக்கு முதலிடம் தர வேண்டும். நீள்வட்டமா, சதுரமா, கேடயமா, மேலே முடி உண்டா, எழுத்துகள் தனித்தனியா, ஒன்றோடொன்று பின்னியவையா என்று குறித்துக்கொண்டு, பின்னர் தொகுப்பு நூலில் ஒப்பிட வேண்டும். ஆண்டெழுத்து இருந்தாலும் இதே கவனம் தேவை. எழுத்து வரிசை முடிந்ததும் மறுபடி தொடங்குவதால், இருபது சொச்சம் ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே எழுத்து திரும்பி வரும். எழுத்தின் பாணியும் கட்டமுமே இது எந்தச் சுற்று என்று சொல்லும்.

மூன்றாவது, முத்திரை அந்தப் பொருளுக்கே உரியதா என்ற சோதனை. அடித்த முத்திரையின் விளிம்பு கூர்மையாக இருக்கும். உள்ளே உலோகம் நெருங்கி அமைந்திருக்கும். பழைய சொப்பை அச்சாக வைத்து வார்த்த நகலில் முத்திரையும் வார்ப்போடு வந்துவிடும். அதன் விளிம்பு மழுங்கியிருக்கும். உள்ளே ஊசிமுனைக் குழிகள் தெரியும். அதே முத்திரை அதே இடத்தில் அதே சாய்வில் வேறு சொப்புகளிலும் காணப்பட்டால் நகல் என்பது உறுதி. வார்த்த வெள்ளி ஆறும்போது சுருங்குவதால் நகல் மூலத்தைவிடச் சற்றுச் சிறியதாகவும் இருக்கும். உடைந்த கரண்டியிலிருந்து முத்திரையை வெட்டி வேறொரு பொருளில் பதித்துப் பற்றவைக்கும் வித்தையும் உண்டு. முத்திரையைச் சுற்றிப் பற்றவைத்த கோடு தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.

கடைசியாக, பொருளே ஒரு சாட்சி. முத்திரை ஒரு தட்டாரைச் சொல்லி, வேலைப்பாடு வேறு காலத்தைச் சொன்னால், தீர்ப்பை நிறுத்தி வைப்பதே அறிவுடைமை. அந்தத் தட்டார் முத்திரையோடு அருங்காட்சியகங்களில் இருக்கும் ஐயமற்ற பொருள்களின் பற்றவைப்பையும், வார்ப்பையும், கீலின் அமைப்பையும் ஒப்பிட்ட பிறகுதான் பெயரைச் சொல்ல வேண்டும்.

இன்றைய நிறுவனம்

1986ஆம் ஆண்டு முத்திரைச் சட்டத்தையும் அதன்பின் 2019ஆம் ஆண்டுச் சட்டத்தையும் கடந்து இந்த அமைப்பு இன்றும் இயங்குகிறது. நேரடி அரசு அலுவலகம் என்ற நிலை மாறி, அரசின் நியமனம் பெற்ற நிறுவனங்கள் இப்பணியைச் செய்கின்றன. ஒன்று கௌடா நகரிலும் மற்றொன்று ஃப்ரீஸ்லாந்தின் யௌரெ ஊரிலும் உள்ளன. பட்டறைகள் தங்கள் முத்திரையைப் பதிவு செய்யும் வழக்கம் தொடர்கிறது. 1502இல் முளைத்த ஏற்பாடு மன்னர், குடியரசு, நெப்போலியன், இரு உலகப் போர்கள் எல்லாவற்றையும் கடந்து அறுபடாமல் வந்திருக்கிறது. ஸ்கோன்ஹோவனின் பழைய படைவீரர் குடியிருப்பில் அமைந்த நெதர்லாந்து வெள்ளி அருங்காட்சியகம் அந்தத் தொடர்ச்சியைப் பொதுமக்களுக்கு எடுத்துச் சொல்கிறது.

நமக்குச் சொல்வது

இந்தியாவில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2000இல் தங்கத்துக்கும் 2005இல் வெள்ளிக்கும் ஹால்மார்க் முறையைத் தொடங்கியது. தொடக்கத்தில் தங்க நகையில் தர எண்ணோடு சோதனை மையத்தின் குறியும், கடையின் குறியும், ஆண்டெழுத்தும் இருந்தன. 2021 ஜூலை முதல் தங்க நகையில் அமைவனத்தின் சின்னம், தர எண், ஆறு இடம் கொண்ட அடையாளக் குறியீடு ஆகிய மூன்றே உள்ளன. வாங்குவோரைக் காக்க இது மிக நல்ல ஏற்பாடு. ஆனால் எந்தக் கட்டத்திலும் அதில் பட்டறையில் உட்கார்ந்து நகையைச் செய்தவரின் பெயர் இடம்பெற்றதில்லை. சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு செய்பவரின் கைத்திறன் நாடெங்கும் போகிறது. அவர் பெயர் பட்டறை வாசலைத் தாண்டுவதில்லை.

இதைச் சீர்செய்ய அரசின் ஆணைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. டச்சு நகரங்களில் செப்புத் தகட்டை வைத்துக் காத்தவை அரசுகள் அல்ல, தட்டார்களின் சங்கங்களே. ஒவ்வொரு பட்டறைக்கும் ஒரு சிறு குறி, அந்தக் குறியைச் சங்கத்தின் ஏட்டில் பதிய ஒரு நாள், ஏட்டைக் காக்க ஒரு பொறுப்பாளர், சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதை அச்சிட்டு நூலகங்களுக்கு அனுப்பும் வழக்கம். இவ்வளவே போதும். விழா எடுக்கும் சங்கம் இந்த ஆண்டே இந்த ஏட்டைத் தொடங்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் பக்கத்தில் மூத்த தொழிலாளர்களின் பெயர்கள் இருக்கட்டும். பெயரோடு செய்த வேலைக்குப் பொறுப்பும் கூடும், மதிப்பும் கூடும். ஆர்னோல்டுஸ் வான் கெஃபன் என்ற ஆம்ஸ்டர்டாம் தட்டாருக்கு அவர் கில்டு அதைச் செய்து கொடுத்தது. நம் தட்டார்களுக்கு நாம் செய்து கொடுப்போம்.